அடுத்த வாரம் வாங்க

அந்தப் புடவையின் விலை எனக்குத் தெரியும். சொல்லாமல் மழுப்பினேன். ஒரு முறையல்ல, அவள் வந்த ஒவ்வொரு முறையும்!

நீங்கள் என்னை மோசடிக்காரன் என்று நினைக்கலாம். மோசடி என்றால் முதலாளிக்காவது லாபம் வந்திருக்கும். நான் செய்தது எவருக்கும் உதவாத காரியம்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையம் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளன் நான். அந்நாளில் எங்கள் புடவைகளில் விலை எழுதியிருக்காது; சீட்டின் மூலையில் சில எழுத்துகள் மட்டும் இருக்கும். எந்த எழுத்து எந்த எண்ணைக் குறிக்கிறது என்பது கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். அதில் அடக்கவிலையைப் படித்துக்கொண்டு, வந்தவரின் முகத்தையும் செருப்பையும் பார்த்து ஒரு விலை சொல்வோம். ஒரே புடவைக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை.

வேலை முடிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ். மடவார் வளாகத்தில் ஒற்றை அறை. காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். நாள் முழுக்கப் பேசியிருப்பேன்... ஆனால் என்னோடு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். உங்களுக்குப் புரிகிறதா?

அவள் பெயர் ஜெபமணி. சேத்தூர்க்காரி, பஞ்சாலையில் வேலை. தங்கையின் கல்யாணத்துக்குத் தன் சம்பளத்தில் ஒரு பட்டு எடுத்துத் தர வேண்டும் என்று வந்தாள். அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"இது எம்புட்டு அண்ணாச்சி?" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மணி மூணாச்சே... இன்னும் சாப்பிடலையா நீங்க?" என்றாள்.

என்னை அப்படிக் கேட்க அதுவரை யாருமில்லை. விலையைச் சொன்னால் புடவையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான்!

"வெலை இன்னும் முடிவாகலை. முதலாளியக் கேக்கணும். அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

வந்தாள். ஒரு விலை சொல்லிவிட்டு, அது வேறு புடவையின் விலை என்று குழப்பினேன். மறுபடியும் வந்தாள். தள்ளுபடி வரப்போகிறது, பொறுங்கள் என்றேன். ஷிப்ட் முடிந்து தூக்கம் வழியும் கண்களோடு பஸ் பிடித்து வருவாள். முகம் சுளிக்காமல் உட்கார்ந்து மில்லைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவாள். புடவையை அடுக்கின் அடியில் ஒளித்து வைத்தேன். அவளுக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்!

கடைசியாக அவள் வந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள். முதலாளி அடுக்கைக் கலைத்து, அதே புடவையை வேறொரு குடும்பத்துக்கு விற்றுக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தவுடன் விலை சொன்னார். நான் அவளிடம் உளறிய விலையைவிட அது குறைவு.

"இதுக்கு வெலையே முடிவாகலைன்னு இந்த அண்ணாச்சிதானே சொன்னாக?" என்றாள் ஜெபமணி.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல முதலாளி. இவிய சும்மா பாத்துட்டுப் போறவிய. வாங்குற ஆளு இல்ல" என்றேன்.

கடையிலிருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

"விக்கிற எடத்துல வந்து வெலை கேட்டது தப்பா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை? அடுத்து வந்தவருக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தேன்! அந்தத் தங்கை என்ன உடுத்திக்கொண்டு மணப்பெண்ணாக நின்றாள்... எனக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூறுகளில் அச்சடித்த விலைச்சீட்டு வந்தது. முகம் பார்த்து விலை சொல்லும் ஆட்கள் தேவைப்படாமல் போனார்கள், நானும்தான். அண்மையில் பஜாரில் புதிதாகத் திறந்த கடைக்குள் நுழைந்து ஒரு துண்டைக் கையில் எடுத்தேன்.

"இது எம்புட்டும்மா?"

விலை பெரிய எழுத்தில் இருந்தது. தெரிந்தேதான் கேட்டேன்.

"அதுலயே போட்டிருக்குல்ல, பாருங்க" என்றாள் விற்பனைக்கு நின்ற பெண், நிமிராமல்.

அப்போது மணி மூன்று இருக்கும். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.