கடைசி ஐந்து நிமிடமும் ப்ரோகோபிஸும்

ப்ரோகோபிஸுக்கு ஓர் இடத்தில் இருக்க வராது. கிரேக்க நாட்டின் கவாலா நகரப் பேருந்தை முப்பத்தோரு வருடம் ஓட்டியவர். உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர்தான், ஆனால் வண்டியை விட்டு இறங்கிவிட்டால் கால் தரையில் பாவாது. சாப்பிடும்போது ஒரு வாய் மேஜையில் என்றால் அடுத்த வாய் ஜன்னலோரத்தில். "நீ என்ன மனுஷனா, ஆடுற பல்லா?" என்பாள் அவர் மனைவி சுல்தானா.

அவரை இப்படி ஆக்கியது ஆர்கோ கிளப்தான். கடலுக்கு அக்கரையில், துருக்கியிலிருந்து அகதிகளாக வந்து இறங்கிய புகையிலைத் தொழிலாளர்கள், கிடங்குச் சுவரில் ஓர் இரும்பு வளையத்தை அடித்து ஆரம்பித்த கூடைப்பந்துக் குழு அது. ப்ரோகோபிஸின் அப்பாவும் அந்தச் சுவரில் பந்தெறிந்தவர். பிறகு மண் தரை சிமெண்ட் ஆனது, சிமெண்டுக்கு மேல் கூரை வந்தது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வந்தது. ஒரு கட்டத்தில் முதல் டிவிஷனுக்கே ஏறி, ஏதென்ஸ்காரர்கள் மூக்கையும் உடைத்தது. அந்த வாழ்வு ஆறே வருடம்.

1991இல் கிளப் தள்ளாடிக்கொண்டிருந்தது. பதற்றம் தாங்காமல் ப்ரோகோபிஸ் கடைசி ஐந்து நிமிடத்தில் எழுந்து வெளியே நடக்கப் போன ஏழு ஆட்டத்திலும் ஆர்கோ ஜெயித்தது. எட்டாவது ஆட்டம்தான் முதல் டிவிஷனில் இருப்பதா இறங்குவதா என்று முடிவு செய்யும் ஆட்டம். வெளியே கொட்டுகிற மழை. ஒரு நாள்தானே என்று உள்ளேயே இருந்துவிட்டார். ஒரு புள்ளியில் தோல்வி. பின்வரிசையில் இருந்த கறிக்கடை பந்தெலிஸ் அவர் தோளைத் தட்டி, "யோவ், நீ இன்னைக்கு வெளிய போகலையா?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து அது சடங்காகிவிட்டது. கடிகாரம் ஐந்து நிமிடத்தைக் காட்டியதும் எங்கள் பக்கம் முழுக்கக் கைதட்டல் கிளம்பும். "ப்ரோ-கோ-பிஸ், வெளியே!" ஆயிரம் தொண்டை. அவர் எழுந்து, ராஜா மாதிரி கையை அசைத்துவிட்டுப் படியேறிப் போவார். பொய் சொல்வானேன், அவருக்கு அதில் பெருமையும் இருந்தது. வெளியே அரங்கைச் சுற்றிச் சுற்றி நடப்பார். உள்ளே ஒரு முனகல், ஓர் அமைதி, பிறகு ஓர் இரைச்சல். சத்தத்தை வைத்தே எத்தனை புள்ளி வித்தியாசம் என்று சொல்லுமளவுக்குக் காது தேறிவிட்டது.

கொடுமை என்னவென்றால், ஆறு வருடம் கழித்து அவருடைய ஒரே மகன் அனெஸ்திஸ் ஆர்கோவில் சேர்ந்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. பெரிய உயரமில்லை, வேகமுமில்லை. ஆனால் ஊரே நடுங்கும்போது அவன் கை மட்டும் நடுங்காது. வந்த பயிற்சியாளர்கள் எல்லோரும் அவனுக்கு ஒரே உபயோகம்தான் கண்டார்கள்: முப்பத்தைந்து நிமிடம் பெஞ்ச், கடைசி ஐந்து நிமிடம் களம். ஆக, மகன் மேல்சட்டையைக் கழற்றி உள்ளே இறங்குகிற நேரத்தில் அப்பா படியேறி வெளியே போய்க்கொண்டிருப்பார். பதினேழு வருடம் இப்படி. வெளியூர் ஆட்டத்துக்கு அவர் போனதே இல்லை. அந்த ஊர் அரங்குகளில் எந்தக் கதவு வழியாக வெளியேறுவது என்று யாருக்குத் தெரியும்?

"பெத்த புள்ள ஆடுறதப் பாக்காத அப்பன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்" என்பாள் சுல்தானா.

"ஜெயிக்கிறான்ல?"

"தோத்த அன்னைக்கும் நீ வெளியதான நின்ன?"

"அன்னைக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போதே எந்திரிச்சிட்டேன். கணக்கு தப்பிடுச்சு."

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது? அவள் விட்டுவிட்டாள்.

2014 மே மாதம். இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு ஆர்கோ மறுபடியும் முதல் டிவிஷன் வாசலில் நின்றது. ஞாயிறு சாயங்கால ஆட்டத்தில் ஜெயித்தால் ஏறிவிடலாம். முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்கு வந்த அனெஸ்திஸ், வறுத்த மத்தி மீனைத் தொடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நாளையோட நிறுத்திக்கிறேன். முட்டி ரெண்டும் போச்சு. டாக்டர் திட்டுறாரு."

"அடுத்த வருஷம் முதல் டிவிஷன்டா!"

"அது மத்தவங்களுக்கு. நாளைக்கு நீ வெளிய போகாத."

ப்ரோகோபிஸ் எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். "உனக்குக் கிறுக்கா? ஊரே என்னைக் கொன்னுபோட்டுரும்."

"ஒரு தடவகூட நான் பந்து போட்டு நீ பாத்ததில்லப்பா."

"சத்தம் கேட்டிருக்கேன்டா. எல்லாத்தையும் கேட்டிருக்கேன்."

"அது ஊர் போடுற சத்தம். நான் இல்ல."

ஞாயிறு காலையில் அவர் துறைமுகத்தை மூன்று முறை சுற்றினார். காபி வாங்கி, குடிக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். "இன்னைக்கு ஏறிடுவோம்ல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதிலாக, கண் படாதிருக்க நெஞ்சுப் பக்கம் தூ தூ தூ என்று துப்பிக்கொண்டார். உள்ளே இருந்தால் ஊருக்குத் துரோகம். வெளியே போனால் பிள்ளைக்குத் துரோகம். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தது அவருக்கே தெரியாது.

கடைசி ஐந்து நிமிடம் வந்தபோது ஆர்கோ இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. கைதட்டல் கிளம்பியது. "ப்ரோ-கோ-பிஸ், வெளியே!" பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். படிக்கட்டு வரை போய்விட்டார். கீழே அனெஸ்திஸ் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான். ப்ரோகோபிஸ் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

கைதட்டல் நின்றது. அப்புறம் வசவு ஆரம்பித்தது.

"யோவ், எந்திரி! விளையாடுற நேரமா இது?" என்றார் பந்தெலிஸ்.

"எம்புள்ள விளையாடுறான். பாக்கப்போறேன்."

"இருபத்துமூணு வருஷமா வாயப் பொளந்துகிட்டு காத்திருக்கோம். உனக்கு இன்னைக்குத்தான் புள்ளப் பாசம் பொத்துகிட்டு வருதா?"

யாரோ எறிந்த காபிக் கோப்பை முதுகில் பட்டு வழிந்தது. இரண்டு பேர் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். அவர் முன்னாலிருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "வெட்டித்தான் தூக்கணும். கத்தி கொண்டாந்திருக்கியா கறிக்கடைக்காரா?" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டு அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

பிறகு அவர் பார்த்தார். அனெஸ்திஸ் ஓடும்போது இடது காலை லேசாக இழுத்தான். தன்னைவிட ஒரு சாண் உயரமானவனிடம் இடிபட்டு விழுந்து, எழுந்து, நடுவரைப் பார்த்துச் சிரித்தான். ஒவ்வொரு முறை அவன் விழுந்தபோதும் ப்ரோகோபிஸ் கம்பியை விடாமலே பாதி எழுந்து உட்கார்ந்தார். வெளியே நடக்கிறவருக்கு யார் விழுந்தார்கள் என்று தெரிந்ததில்லை.

ஆறு விநாடி மிச்சம். ஒரு புள்ளி பின்னால். அனெஸ்திஸைத் தள்ளியதற்காக அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கோட்டில் நின்றவன் உள்ளங்கையை ஷூவின் அடியில் துடைத்துக்கொண்டு, இடது கன்னத்தை மட்டும் உப்பி மூச்சு விட்டான். இவன் இப்படிச் செய்வானா? பெற்ற அப்பனுக்கு இன்றுதான் தெரிகிறது. முதல் பந்து விழுந்தது. இரண்டாவது பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்தது. எதிரணி கடைசியாக எறிந்தது பலகையில் மோதித் தெறிக்க, மணி அடித்தது.

அரங்கம் இடிந்து விழாததுதான் குறை. கிழவர்கள் அழுதார்கள். இளவட்டங்கள் தடுப்பைத் தாண்டிக் களத்தில் குதித்தார்கள். ப்ரோகோபிஸ் மட்டும் கம்பியை விடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே இருந்தார், ஆர்கோ ஜெயித்தது. அப்படியானால் இத்தனை வருடம் மழையிலும் பனியிலும் அந்தக் கட்டடத்தைச் சுற்றியது எதற்கு? இருநூறு ஆட்டம் இருக்குமா, முந்நூறா? அத்தனையிலும் பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றிருக்கிறான். தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். மறுபடியும் அதையே நினைத்தார்.

பந்தெலிஸ் வரிசையைத் தாண்டி வந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மாறி மாறி முத்தமிட்டார். "யோவ் ராசிக்காரா! இத்தனை நாளா தப்பாப் புரிஞ்சுகிட்டோம்யா! அடுத்த வருஷம் ஏதென்ஸ்காரனுங்க வரானுங்க. இந்தச் சீட்ட விட்டு நீ அசையக் கூடாது. மூத்திரம் முட்டுனாக்கூட எந்திரிக்கக் கூடாது, ஆமா!"

கீழே, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அனெஸ்திஸ் தரையில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்தான் இனிமே ஆடப்போறதில்லையே. யாரப் பாக்கய்யா உக்காரச் சொல்ற?" என்று கேட்டார் ப்ரோகோபிஸ்.

அந்தக் கூச்சலில் பந்தெலிஸின் காதில் அது விழவில்லை. அவர் இருக்கையைத் தட்டித் தட்டிக் காட்டி, தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.