டயப்பர் கூடை அடுக்குகிறவள்

குழந்தைச் சாமான் கடையில் வேலை பார்க்கிற நாங்கள் குழந்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்போம். சிவகாசியில் அப்படியொரு கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கும், எதற்காகவோ காத்துக் காத்து முகம் வீங்கியவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு கைக்கு எட்ட வேண்டும்

எங்கள் பக்கம் பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று ஒரு துணிகூட வீட்டுக்குள் வரக் கூடாது. கண் பட்டுவிடும் என்ற பயம். அதனால் ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில் கடைக்கு வந்து, வேண்டியதைப் பொறுக்கி, கூடையில் அடுக்கி, பெயர் எழுதி எங்களிடமே விட்டுப் போவார்கள். பிறந்த சேதி வந்ததும் வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கிப் போவார்.

கூடை அடுக்குவது என் இலாகா. ஈரம் இறங்காத விரிப்பு மேலே. அதன் கீழ் டயப்பர், பருத்தித் துணி, பஞ்சு, தண்ணீருக்குச் சின்னக் கிண்ணம். ஓரத்தில் தேங்காய் எண்ணெய், அழுக்குக்குத் தனிப் பை. மாற்றும்போது ஒரு கை பிள்ளை மேலேயே இருக்க வேண்டும். மிச்சமிருக்கிற கைக்கு எல்லாம் எட்ட வேண்டும்.

இதை விஸ்வநத்தத்திலிருந்து வந்த ஒரு நிறைமாதக்காரிக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். “உங்களுக்கு எத்தன புள்ளைகக்கா?” என்று கேட்டாள். “ரெண்டு” என்று வாயில் வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் ஒன்றுகூட இல்லாதவள் நான். பொய்யிலாவது கஞ்சத்தனம் எதற்கு? அவள் கூடையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அதான பாத்தேன். பெத்தவளுக்குத்தான்க்கா இம்புட்டுப் பக்குவம் வரும்.”

கை வெளுக்கும் நாள்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர், கூடையை வாங்க வந்திருந்தார். பெண் பிள்ளை பிறந்து நாலு நாள். வேலை முடிந்து நேராக வந்ததால் முழங்கை வரை அலுமினியப் பொடி மினுங்கியது. துணி மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க ஆசை. ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “நீங்களே தொட்டுப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

தொட்டுப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறது என்றேன். பிள்ளை யார் ஜாடை என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். “இன்னும் தூக்கலங்க. எம்புட்டுத் தேச்சாலும் போவ மாட்டேங்குது. ஞாயித்துக்கெழமை லீவு, அன்னைக்குத்தான் கை வெளுக்கும்.”

டைம்டேபிள்

மல்லாங்கிணற்றிலிருந்து வந்த டீச்சரம்மாவைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மருமகளுக்காக ஏழு டப்பா வாங்கி, திங்கள் முதல் ஞாயிறு வரை சீட்டு ஒட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் அன்றன்றைக்கு எண்ணி வைத்த டயப்பர், துணி. எத்தனை மணிக்கு மாற்றுவது என்று அட்டவணை வேறு, இரண்டு கலர் மையில். ஜெபம் செய்துவிட்டுத்தான் டப்பாவை மூடினார்கள்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மறுபடியும் வந்தார்கள். தலை கலைந்திருந்தது, சேலையில் ஈரம். டப்பாக்கள் எப்படி உதவின என்று கேட்டேன். “திங்கக்கெழமை காலைலயே சனிக்கெழமை டப்பாவும் காலி. எங்க ஸ்கூல்ல இப்படி ஒரு புள்ளைய நான் பாத்ததே இல்ல தாயி.”

காலி அலமாரி

நானும் என் வீட்டுக்காரரும் தத்தெடுக்க அரசுப் பட்டியலில் பதிந்திருக்கிறோம். அவர் காலண்டர் அடிக்கிற அச்சாபீசில் கட்டிங் மிஷினில் நிற்கிறார். வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி அம்மா வந்தார். அடுப்படி, கிணற்று மூடி, மாடிப்படி எல்லாம் பார்த்தவர், குழந்தைக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அலமாரியைத் திறந்தேன். ஒரு தட்டு முழுக்கக் காலி. எங்கே வேலை பார்க்கிறேன் என்று அடுத்த கேள்வி. சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“முன்னக்கூட்டியே வாங்கக் கூடாதுங்க மேடம், எங்க பக்கம் வழக்கம் அப்படி. பெறக்குற புள்ளைக்கு ஆகாது” என்று இவர் எனக்காகப் பரிந்து பேசினார். அந்த அம்மா கோபப்படவில்லை. காலித் தட்டைக் காட்டிச் சொன்னார்: “உங்க புள்ள இந்நேரம் எங்கயோ பொறந்திருக்கலாம்மா. இன்னும் யாருக்காகப் பயப்படுறீங்க?”

எந்த சைஸ்?

அன்று முழுக்க அழுதேன். எங்கயோ என்றால் எங்கே? அதற்கு இப்போது யார் துணி மாற்றுகிறார்கள், ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டுதான் மாற்றுகிறார்களா? மறுநாள் கவுண்டருக்கு முன்பக்கம் வந்து நின்று, “ஒரு கூடை வேணும் அண்ணாச்சி” என்றேன். எங்கள் முதலாளிக்கு விஷயம் தெரியும். அவரே எழுந்து, “டயப்பர் எந்த சைஸ் போடட்டும்?” என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் எடை கேட்டு அளவு சொல்கிறவள் நான். இரண்டு வயதுக்குள் எந்தப் பிள்ளையானாலும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். நேற்றுப் பிறந்ததோ, தட்டுத் தடுமாறி நடப்பதோ, எனக்கு எப்படித் தெரியும்? அதையே சொன்னேன். அண்ணாச்சி அலமாரியிலிருந்து நாலு அளவிலும் ஒவ்வொரு பாக்கெட் எடுத்து என் முன்னால் வைத்தார். “எல்லாத்தையும் கொண்டு போம்மா. யாரு வந்தாலும் நம்ம புள்ளதான.”

இப்போது என் வீட்டு அலமாரியில் எல்லாம் ஒரு கைக்கு எட்டுகிற மாதிரி அடுக்கியிருக்கிறது. வரப்போவது ஒருவர்தான் என்றாலும், எந்த அளவுக்காரர் என்று தெரியாததால் தினமும் நாலு பேருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.