ஓடாத வண்டியின் பிரேக் ஆயில்

அத்தா துபாயிலிருந்து சில வருஷங்களுக்கு ஒருமுறைதான் லப்பைக்குடிகாட்டுக்கு வருவார். அவருக்கு லீவு தொடங்கினால் எங்கள் வெள்ளைக் காருக்கு லீவு முடியும். மற்ற நாளெல்லாம் அது கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். ஓடாத வண்டியில் என்ன தேயப்போகிறது என்பது அத்தாவின் எண்ணம். அந்த முறையும் கழுவினார், பேட்டரி மாற்றினார், டயருக்குக் காற்றடித்தார். அதோடு அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். அவற்றின் பின்னாலேயே பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாகப் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் போன லாரி நின்றது, நாங்கள் நிற்கவில்லை. பஞ்சை மிதித்ததுபோல் அத்தாவின் கால் உள்ளே போயிற்று. அவர் விட்டு விட்டு மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். லாரியின் பின்பலகைக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"எப்படி, அத்தாவோட சர்க்கஸ்?" என்று திரும்பிச் சிரித்தார்.

நான் கைதட்டி, "இன்னொருக்கா அத்தா!" என்றேன்.

பக்கத்துப் பட்டறைக்கு ஊர்ந்து போவதற்குள் பிரேக் பழையபடி பிடித்தது. "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்றார் அத்தா. மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"ஆறினா பிடிக்கும் பாய், சூடானா மறுபடி காலை வாரிடும். எப்ப மாத்துனீங்க?"

"வண்டி ஓடவே இல்லையேப்பா."

"நின்னாலும் காத்துல இருக்குற ஈரத்த இது இழுத்துக்கும். சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாயிட்டா, நீங்க மிதிக்கிறது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஓடுனாலும் ஓடாட்டியும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திருங்க."

"ஓடாத வண்டிக்குச் செலவே இல்லன்னீங்க?" என்றார் அம்மா. அத்தா டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமிழி நிற்கும்வரை பெடலை மிதித்து மிதித்துப் பழையதை வெளியேற்றிப் புதிது ஊற்றினார்கள். பிரியாணி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சர்க்கஸ் கதையைப் பக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இன்று என் மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்ததும் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்க்கிறேன். கெட்டியாகத்தான் இருக்கிறது. போன மாதம்தான் ஆயில் மாற்றினோம். ஆனாலும் இன்னொரு முறை மிதிக்கிறேன்.

அன்று கல்யாண வீட்டில், சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டபோதுகூட, அம்மா என் இடது மணிக்கட்டை விடவே இல்லை. கூட்டத்தில் நான் தொலைந்துபோவேன் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.