லெமினேட் செய்த டிப்ளோமாவுக்குக் கர்த்தர் வாங்கித் தந்த முத்திரை

கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள் நான். போன வருடம் என் மூத்த மகள் ஷாலினிக்கு ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி வேலை கிடைத்தது. எங்கள் பரம்பரையில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் அவள்தான். இதில் பெருமைப்பட்டால் கர்த்தர் கோபிப்பார் என்று நான் நம்பவில்லை.

சான்றிதழ்களுக்கு நம் அரசாங்கத்தின் உறுதிப்படுத்தல் முத்திரை இருந்தால்தான் அங்கே செல்லும். விடியவே அதற்கான அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம். பிறப்புச் சான்றிதழுக்கு முத்திரை கிடைத்தது. தாதிப் பயிற்சி டிப்ளோமாவைக் கையில் எடுத்த அலுவலர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். லெமினேட் செய்த பத்திரத்தில் முத்திரை குத்த முடியாது, புது மூலப்பிரதி கொண்டுவாருங்கள் என்று சிங்களத்தில் தன்மையாகத்தான் சொன்னார்.

லெமினேட் செய்தது என் கணவர். மகள் பரீட்சையில் சித்தியடைந்த கையோடு மருதானையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், ஈரம் படக்கூடாது, பூச்சி அரிக்கக்கூடாது என்று தடித்த பிளாஸ்டிக் போட்டு வந்தார். பாவம், பாசத்தில் செய்த வேலை. அன்றைக்கு அவர் சாப்பிடவேயில்லை.

பயிற்சி நிலையத்துக்கு ஓடினோம். அது மூடப்பட்டு, அங்கே உடுப்புக்கடை நடந்தது. நிலையத்தை நடத்திய மெடத்தின் போன் வேலை செய்யவில்லை. எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாதம் முடிவதற்குள் பத்திரங்கள் போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். ஷாலினி அழவில்லை. "பரவாயில்லம்மா, இங்கயே வேலை தேடுறன்" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இவ்வளவும் நடந்தது யாருக்கும் தெரியாது. விசா குத்தும் வரைக்கும் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான், எனக்குத் தெரியும். சபையில் ஜெபக்குறிப்புக் கேட்டபோதெல்லாம் "ஒரு காரியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மனதை அடக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். ஜேர்மனி, டிப்ளோமா, பிளாஸ்டிக், மூடிய நிலையம், மெடத்தின் பெயர் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஆண்டவரே, இனி எங்க போறதெண்டு எனக்குத் தெரியேல்ல, நீர்தான் காட்டவேணும்" என்று கதறினேன்.

ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. புஷ்பம் அக்கா. வருடக்கணக்காக எனக்குப் பின் வரிசையில் இருப்பவர்.

"இதை ஏன் தங்கச்சி முதலே சொல்லேல்ல? அந்த மெடம் என்ட மச்சாள்தானே. இப்ப பாமன்கடைப் பக்கம் மகளோட இருக்கிறா."

கர்த்தர் பதிலை என் முதுகுக்குப் பின்னாலேயே உட்காரவைத்திருந்தார். வாயைத் திறக்காதவள் நான்தான்.

அடுத்த நாளே போனோம். மெடம் மாணவர் பதிவுகளையும் நிலையத்தின் முத்திரையையும் பத்திரமாக வைத்திருந்தார். ஷாலினியைக் கண்டதும், என் வகுப்பின் கெட்டிக்காரி என்று தன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். புது டிப்ளோமாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை உரிய இடங்களில் உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பவும் வரிசையில் நின்றோம். முத்திரை விழுந்தது. என் கணவர் அதைத் தொடக்கூட இல்லை. "நீயே வச்சிரு பிள்ளை" என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

இன்றைக்கு ஷாலினி அங்கே வேலை செய்கிறாள். சீருடையோடு அவள் வீடியோவில் வரும்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். பார்க்கட்டும். கர்த்தர் செய்ததை ஏன் ஒளிக்கவேண்டும்?

அன்பானவர்களே, உங்கள் பாரத்தையும் பெயர் சொல்லி, சபை நடுவில் வைத்துக் கேளுங்கள். அவர் யாரை எங்கே இருத்தியிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

என் இளையவன் கொரியாவுக்கு வேலைக்குப் போகப் பரீட்சை எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. இப்போதே சொல்லிவிட்டேன். எல்லோரும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.