வலமிருந்து எழுதிய கை

ஆத்தோரத் தோட்டத்து நவமணி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிட வேண்டும். ஐந்து வயதில் அம்மை கண்டு பிழைத்து எழுந்தாள். பார்வை மட்டும் திரும்பவில்லை. ஜப்பான்காரன் காலத்தை மரவள்ளிக்கிழங்கைத் தின்று கடந்தாள். சயாம் ரயில் பாதைக்குப் போன அப்பா வரவில்லை, அம்மா காய்ச்சலில் போனாள், அதையும் தாங்கினாள். வடக்கே மிஷன்காரர்கள் நடத்திய பார்வையற்றோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் இருந்து, விரலால் படிக்கவும் எழுதவும், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் தேறினாள். பின்னாளில் தோட்டப் பள்ளிக்கு ரேடியோப் பெட்டி வந்தபோது, மற்றவர்கள் வெறும் இரைச்சலைத் திருகிக்கொண்டிருக்க, பாட நிகழ்ச்சியைப் பிசகாமல் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் டீச்சர் என்று நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், அவள் ஒரு கையெழுத்தை ஜெயிக்க வேண்டியிருந்தது.

இல்லத்தை விட்டுத் தோட்டத்துக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களின் லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அண்ணன் அந்தோணிதாஸ் விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய்விடுவான். கேட்டில் சோதனை, காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறுகூடக் காட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மத்தியானத்துக்கு மேல்தான் பசியோடு திரும்புவான். அதுவரை லயத்தில் கோழிகளும் நவமணியும்தான்.

அவளிடம் ஒரு பித்தளைச் சட்டம் இருந்தது. இரண்டு தகடுகள், மேல்தகட்டில் சின்னச் சின்னக் கட்டங்கள். நடுவில் கெட்டித்தாளை வைத்து, கட்டத்துக்குள் மொட்டை ஊசியால் குத்தி எழுத வேண்டும். குத்தும்போது வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் தாளை எடுத்துத் திருப்பினால் புள்ளிகள் மேலே எழும்பி, இடப்பக்கத்திலிருந்து படிக்க வரும். தினமும் வாசற்படியில் உட்கார்ந்து எழுதுவாள். தோட்டத்தில் அதைப் படிக்க ஒருவரும் இல்லை. இல்லத்தில் கூட இருந்த கான்ஸ்டன்ஸ் ஒருத்திக்குத்தான் அனுப்புவாள்.

ஒருமுறை கான்ஸ்டன்ஸின் பதில் கேட்டில் மாட்டிக்கொண்டது. காட்டுக்காரர்களின் ரகசியக் குறியாக இருக்கும் என்று போலீஸ்காரர்கள் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது, எதன் அடியிலோ கிடந்து நசுங்கி, புள்ளியெல்லாம் படுத்துவிட்டிருந்தது. நவமணி தடவித் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்ற தாள்தான் கையில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு பாப்பா?" என்று அண்ணன் கேட்டான்.

"சௌக்கியமா இருக்காளாம்" என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் முதல் வகுப்பு வாத்தியார் சபாக் ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். தலைமை வாத்தியார் காளியண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் நவமணி லயத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்வதைக் கேட்டிருந்தவர். அவளையே போடலாம் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தார். ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் பெரிய கிராணி ஹியூபர்ட் கையில்.

"வாத்தியார்னா காலையும் சாயந்திரமும் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும் லா" என்றார் கிராணி. "கைநாட்டு வைக்கிற டீச்சரம்மாவை நான் எங்கே சேர்க்கிறது? பால் வெட்டுற கணக்கிலயா?"

"கையெழுத்துப் போடுவேங்க ஐயா" என்றாள் நவமணி. அதுவரை போட்டதில்லை. அவளுடைய அடையாளக் கார்டிலும் பெருவிரல்தான்.

அந்தோணிதாஸ் ஒரு பலகையில் ரப்பர் பாலைச் சொட்டுச் சொட்டாக இழுத்து அவள் பெயரை எழுதிக் காய வைத்தான். காய்ந்ததும் எழுத்துகள் கயிறுபோலப் புடைத்து நின்றன. விரலால் தடவி நான்கு எழுத்தின் வடிவத்தையும் அவள் ஒரே நாளில் மனப்பாடம் செய்தாள். காட்டுக்குக் கடத்தாதபடி கடைக்காரர் சட்டப்படி ஓட்டை போட்டுக் கொடுத்த பால் டின்னை வெட்டி, கோடு விலகாமல் எழுத நடுவில் நீளப் பிளவுள்ள ஒரு தகடும் செய்து கொடுத்தான். அவன் காட்டில் இருக்கும்போது அவள் தனியாக, தகட்டுக்குள் வெறும் குச்சியால் எழுதிப் பழகினாள்.

கிராணியின் மேசையில்தான் முதன்முதலாக மைப்பேனாவைப் பிடித்தாள். தகட்டை வைத்தாள், எழுதினாள்.

கிராணி தாளைப் பார்த்துச் சிரித்தார். "இதென்ன பாப்பா, ஜாவி எழுத்தா? வலதுபக்கத்திலேருந்து ஓட்டுறே?"

"எழுதினா அப்படித்தானேங்க ஐயா?"

காளியண்ணன் தாளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். "இந்தப் பக்கம் பாருங்க. நவமணின்னு அழகா இருக்கு."

"பதிவேட்டை ஜன்னல்லயா கட்டித் தொங்கவிட முடியும்?" என்றார் கிராணி. "பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு நேரா எழுதட்டும், சேர்த்துக்கறேன். இல்லேன்னா வேற ஆள் வந்துடும்."

வீட்டுக்கு வரும் வழியில், கூட வந்திருந்த அந்தோணிதாஸ்தான் விளக்கினான். மையில் எழுதினால் எழுதிய பக்கத்திலேயே படிப்பார்கள், திருப்ப மாட்டார்கள்.

"அப்ப நான் எழுதினதை நான் எப்படிப் படிக்கிறது, அண்ணே?"

புள்ளியில் எழுதினால் தாளைத் திருப்பினதும் அது அவளிடமே திரும்பி வரும். மை அப்படியில்லை. எழுதின கையோடு அது மற்றவர்களுக்குப் போய்விடும். கண் உள்ளவர்கள் எல்லாரும் பார்க்கப்போகிற தன் பெயரை, தான் மட்டும் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை என்பது, பூசைமணி கேட்கிற தூரத்தில்கூட ஒரு மனுஷர் இல்லாத அந்த லயத்தில் மறுநாள் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு நன்றாக உறைத்தது.

தகட்டின் இடது ஓரத்தில் அண்ணன் ஒரு பல் வெட்டிக் கொடுத்தான், பேனா அங்கிருந்து கிளம்பட்டும் என்று. ஆனாலும் கை வலப்பக்கமே போய் நின்றது. காலையில் நேராகப் பழகினால், பகலில் சட்டத்தை எடுத்துக் கான்ஸ்டன்ஸுக்கு நாலு வரி குத்தியதும் கை பழையபடி ஆகிவிடும். சில நாள் இப்படியே போனது. பிறகு ஒரு மத்தியானம், அண்ணன் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தபோது, அவள் பித்தளைச் சட்டத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"இதைப் பெட்டியில போட்டுப் பூட்டுங்கண்ணே. சாவியை நீங்களே வச்சுக்குங்க."

"கான்ஸ்டன்ஸுக்கு?"

"காத்திருப்பா."

கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் வாழ்த்து எழுதவில்லை. கான்ஸ்டன்ஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு இன்னொன்று. இரண்டையும் படித்து மடித்து வைத்தாள். பகலெல்லாம் லயத்தில் குத்துகிற சத்தம் இல்லை. டின் தகட்டில் குச்சி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று பக்கத்து வீட்டு லெட்சுமி சொன்னாள், அவளும் காய்ச்சலில் வீட்டில் கிடந்த இரண்டு நாள்தான் கேட்டவள்.

பள்ளி திறந்த அன்று அந்தோணிதாஸ் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். கிராணி பதிவேட்டை விரித்து அவள் விரலைக் கோட்டின்மேல் வைத்தார். நவமணி தகட்டைப் பொருத்தினாள். பேனா முதலில் வலப்பக்கம் போனது. நின்றது. அவள் மூச்சை விட்டுவிட்டு, பல் இருந்த இடத்தை இடது பெருவிரலால் தேடி, பேனாவை அங்கே கொண்டுவந்தாள். மெதுவாக நான்கு எழுத்து.

தகட்டை எடுத்ததும், பழக்கத்தில் எழுதிய இடத்தைத் தடவினாள். ஒன்றும் தட்டுப்படவில்லை, ஈரம் மட்டும்.

"அண்ணே, என்னன்னு இருக்கு?"

"நவமணின்னு இருக்கு. கடைசி எழுத்தை நீயே கொஞ்சம் இழுத்துட்டே."

கிராணி ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். பிறகு மை இழுபட்ட அந்தப் பெயருக்குப் பக்கத்தில் தன் கையால் தேதியைப் போட்டார்: 9-1-1956.