ஆளில்லாத ஊருக்கு ஹால் நிறைய ஆட்கள்

"நான் போய்வந்த இடத்தின் ஸ்லைடுகள் இருக்கின்றன, பார்க்க வருகிறீர்களா?" என்று யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் பல் டாக்டரிடம் போக வேண்டியது ஞாபகம் வரும், இல்லையா?

நோர்வேக்காரர்களும் அப்படித்தான். அதனால்தான் ஆர்னே என்னிடம் வந்தார்.

ஆர்னே எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர். டி-பான் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓஸ்லோவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுரங்கத்துக்குள் போய்வந்தே காலம் கழித்த மனிதருக்கு ஓர் ஆசை... தண்டவாளம் இல்லாத, வெயில் கொளுத்துகிற, நேரான ஒரு ரோட்டில் கார் ஓட்ட வேண்டும். பென்ஷன் எடுத்த கையோடு அமெரிக்காவுக்குப் போனார். பழைய அறுபத்தாறாம் நம்பர் நெடுஞ்சாலை. அதிலும் பாலைவனத்தைக் கடக்கிற பகுதி. அங்கே ரோட்டோரம் வரிசையாக ஆளில்லாத ஊர்கள். ஒருமுறை போனவர் மனம் கேட்காமல் திரும்பத் திரும்பப் போனார். வீட்டில் பெட்டி பெட்டியாக ஸ்லைடுகள் சேர்ந்தன.

பார்க்கத்தான் ஆள் இல்லை. மகன் ஸ்தவாங்கரில் இன்ஜினியர். அப்பா ப்ரொஜெக்டரைத் தொட்டாலே அவனுக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடுமாம்.

"நீங்கள் கீழே ஹாலில் அடிக்கடி ஏதாவது விழா வைக்கிறீர்கள். அங்கே ஒரு மாலை நான் படம் காட்டலாமா?" என்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பத்துப் பேர் வந்தால் போதும் என்றார். இந்த நாட்டுப் பனியில் எனக்குக் கார் ஓட்டப் பழக்கிய மனிதர் அவர். முடியாது என்று எப்படிச் சொல்வது?

வீட்டில் மகளைக் கேட்டேன். "அம்மா, ஸ்லைட் பாக்கிறது பென்ஷனிஸ்டுகளின்ர வேலை" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தில் ஒன்று போயிற்று.

புஷ்பம் அக்காவுக்குப் போன் போட்டேன். எதிர்க் கட்டடத்தில் இருக்கிற ராசன் அண்ணையின் மனைவி. ஆர்னே ஒரு பழைய பெரிய ரோட்டால் போய், பாழடைந்து கிடக்கிற ஊர்களையெல்லாம் படம் எடுத்து வந்திருக்கிறார், சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹாலில் காட்டுகிறார், பாவம் மனிதர், நாலு பேரைக் கூட்டி வாருங்கள் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. புஷ்பம் அக்காவிடம் சொல்லிவிட்டால் எங்கள் ஸ்டோவ்னர் பகுதி முழுவதற்கும் சொன்ன மாதிரி.

சனிக்கிழமை. ஆர்னே மடிப்புக் கலையாத சட்டையோடு வந்துவிட்டார். ஒரு தட்டு நிறைய வாஃபில், ஒரு பெரிய பிளாஸ்க்கில் காப்பி. பத்து நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் நான் மூன்று நாற்காலிகளை மெல்ல எடுத்துவிட்டேன். வெறும் நாற்காலியைப் பார்த்து மனிதர் மனம் உடைந்துவிடக் கூடாதே.

ஐந்து மணி. ஒருவரும் இல்லை.

எங்கள் ஆட்களின் ஐந்து மணி கொஞ்சம் வேறு மாதிரி என்று விளக்கினேன். சிரித்தார். ஆனால் ஆயுள் முழுக்க நிமிஷக் கணக்கில் ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தியவருக்கு அது எப்படிப் புரியும்? ஐந்தரை ஆயிற்று. ஆர்னே ப்ரொஜெக்டரின் வயரைச் சுற்றத் தொடங்கினார். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது.

முதலில் புஷ்பம் அக்கா, கையில் ரோல்ஸ் தட்டு. பின்னால் ராசன் அண்ணை. அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் இன்னொன்று... வந்துகொண்டே இருந்தார்கள். பட்டுச்சேலை கட்டினவர்கள்கூட உண்டு. ஒருவர் டொரொன்டோவில் இருக்கிற தம்பிக்கு அனுப்பவென்று வீடியோ கமெராவும் ஸ்டாண்டும் கொண்டு வந்திருந்தார். கீழறையிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்தோம். அதுவும் போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

ஆர்னேக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. சுற்றிய வயரை அவசர அவசரமாக அவிழ்த்தார். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார். இந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே ஒரு பிறவி எடுக்கலாம் என்று நானும் பூரித்துப்போய் நின்றேன். எவ்வளவு நேரம்? ராசன் அண்ணை என் பக்கத்தில் வந்து உட்காரும் வரை.

"தங்கச்சி, உவர் எப்ப போனவர்? பாதை திறந்த உடனையோ?"

"எந்தப் பாதை அண்ணை?"

"ஏ-நைன் பாதைதான். வேறை என்ன பாதை?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா? சண்டை நின்று, யாழ்ப்பாணப் பாதை திறந்ததிலிருந்து நோர்வேக்காரர்கள் சமாதானம் பேசவென்று அங்கே போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். நான் புஷ்பம் அக்காவிடம் சொன்ன பழைய பெரிய ரோடு, இரண்டாவது போனில் கண்டி வீதியாகியிருக்கிறது, அதாவது அந்த ஏ-நைன். நாலாவது போனில், ஆர்னே வன்னியெல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு 'பாழடைந்த ஊர்' என்றால் வேறு எந்த ஊர் நினைவுக்கு வரும்? அமெரிக்காவா வரும்?

முன் வரிசையில் தங்கம் அக்கா உட்கார்ந்திருந்தார். பளையில் அதே ரோட்டோரத்தில் இருந்தது அவர் வீடு. விட்டுவிட்டு வந்த பிறகு அந்தப் பக்கத்தின் ஒரு படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. இரண்டு ரயில் மாறி வந்திருந்தார், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

இப்போது நான் யாரிடம் உண்மையைச் சொல்ல? இவர்களிடம், இது உங்கள் ஊர் இல்லை என்றா? அவரிடம், இவர்கள் உங்களுக்காக வரவில்லை என்றா? நான் விழித்துக்கொண்டு நிற்க, விளக்கு அணைந்தது. ரயில்காரர் அல்லவா... பிந்திவிட்டால் அதற்கு மேல் ஒரு நிமிஷமும் நிற்க மாட்டார்.

முதல் ஸ்லைட். கண் கூசுகிற நீல வானம். மஞ்சள் தரை. கூரை இல்லாத ஒரு கட்டடம், முன்னால் சாய்ந்துபோன ஒரு பெட்ரோல் பம்ப்.

ஹாலில் யாரோ மெதுவாக விசும்பினார்கள்.

ஆர்னே பேச ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. இப்படி ஒரு பாவமான மொழிபெயர்ப்பு நான் செய்ததே இல்லை. "இது அமெரிக்காவில், பாலைவனத்தில்..." என்று தொடங்கினேன். நாற்காலிகள் கிரீச்சிட்டன. பின்வரிசையில் ஒருவர் எழுந்து ஜாக்கெட்டை எடுத்தார். வீடியோ கமெராவின் சிவப்பு வெளிச்சம் அணைந்தது. ஆர்னேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது, பொத்தானில் வைத்த விரல் அப்படியே நின்றதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

அப்போது முன் வரிசையிலிருந்து தங்கம் அக்காவின் குரல்.

"பிள்ளை, அவரை ஒருக்காக் கேள். இதை ஆர் அடிச்சது?"

கேட்டேன். ஆர்னே குழம்பினார். யாரும் அடிக்கவில்லை என்றார். பிறகு அந்த ஊர்களின் கதையைச் சொன்னார். முதலில் ரயில் வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்காக வனாந்தரத்தில் ஸ்டேஷன்கள் போட்டார்கள். பெயர் வைக்கச் சலித்துப்போய் ஆங்கில அரிச்சுவடி வரிசையில் ஒவ்வோர் எழுத்தாக வைத்துக்கொண்டே போனார்கள் - நாங்கள் அ, ஆ, இ, ஈ என்று ஊருக்குப் பெயர் வைத்த மாதிரி. பிறகு கார் ரோடு வந்தது. பெட்ரோல் ஷெட், சாப்பாட்டுக் கடை, கலர் விளக்குப் போட்ட மோட்டல் எல்லாம் வந்தன. ரோட்டால் போகிறவர்களை நம்பியே ஊர் வாழ்ந்தது. பிறகு கொஞ்சம் தள்ளிப் புதிய நெடுஞ்சாலை ஒன்று போட்டார்கள். அவ்வளவுதான். அது திறந்த நாளிலிருந்து இந்தப் பக்கம் கார் வரவில்லை. சனம் பார்த்தது, மூட்டை கட்டியது.

"ஒருத்தரும் சாகேல்லையோ?"

"இல்லை. பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். சிலரோடு நான் காப்பி குடித்திருக்கிறேன்" என்றார் ஆர்னே.

தங்கம் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அந்தக் கூரையில்லாத கட்டடத்தை நன்றாகப் பார்த்தார்.

"அப்ப நல்லம். இதை அழாமல் இருந்து பாக்கலாம். மற்றப் படத்தைப் போடச் சொல்லு."

ஜாக்கெட்டை எடுத்தவர் அதை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? பாழடைந்த வீட்டைப் பார்த்து எங்கள் ஆட்கள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை! ஒரு வீட்டின் படம் வந்தது. ஜன்னல் இல்லை, கதவு இல்லை. "நிலையையும் எல்லோ கழட்டிக்கொண்டு போயிருக்கினம்" என்றார் புஷ்பம் அக்கா. சமையலறையில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை. ஆற அமர, ஒரு கிழமை இருந்து மூட்டை கட்டியிருப்பார்கள் என்று பின்னாலிருந்து தீர்ப்பு வந்தது. அடுப்பில் உலையை வைத்தபடியே ஓடி வந்தவர்கள் நிறைந்த ஹால் அது. ஜன்னல் கொக்கியைக்கூட விடாமல் கழற்றிப் போன அமெரிக்கர்களைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆர்னேயோ, எத்தனையோ தரம் பார்த்த தன் படத்தையே புதிதாகக் குனிந்து பார்த்தார்.

புல்லும் முளைக்காத இடத்தில் எப்படி இருந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். ராசன் அண்ணை வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் ஃபக்டரியில் வேலை செய்தவர். "நாங்கள் அங்கை இருக்கேல்லையோ? மரத்தைப் பாக்கிறதெண்டால் கலண்டரிலைதான் பாக்கவேணும்" என்றார். ஹால் அதிர்ந்தது.

சும்மா இல்லாமல் ஆர்னே ஒரு தகவலை எடுத்துவிட்டார். இந்த ஊர்களில் சிலதை அப்படியே மொத்தமாக விலைக்கு விடுவார்களாம்.

ஊரையா? முழு ஊரையுமா?

விளக்கைப் போடச் சொன்னார்கள். போட்டோம். அடுத்த அரை மணி நேரம் ஸ்லைட் ஓடவில்லை, ஊர்தான் ஓடியது. பெட்ரோல் ஷெட் ராசன் அண்ணைக்கு. சாப்பாட்டுக் கடையில் புஷ்பம் அக்காவின் ரோல்ஸ். மோட்டலைக் கல்யாண மண்டபமாக்கலாம், மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கேயே அறையும் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கோயில். கோயில் வந்தால் திருவிழா வரும், திருவிழா வந்தால் சனம் வரும், சனம் வந்தால் அந்த நெடுஞ்சாலையைத் திரும்ப இந்தப் பக்கம் வளைக்கத்தானே வேண்டும்? ஆர்னேக்கு ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம். ரயில் நிற்காது என்றார் அவர். நிற்பாட்டுவோம் என்றார்கள்.

இரண்டு ஊர்களில் நாங்கள் இருந்திருக்கிறோம், இரண்டையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. முதலாவதில் பிறந்தோம், இரண்டாவதில் விசா கிடைத்தது. ஒரு ஊரை நமக்குப் பிடித்த மாதிரி அடுக்கிப் பார்க்கிற வாய்ப்பு, விளையாட்டுக்கென்றாலும், அன்றைக்குத்தான் வந்தது. அதில் அவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வாஃபிலும் முடிந்தது, ரோல்ஸும் முடிந்தது. போகும்போது தங்கம் அக்கா ஆர்னேயின் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் ரோட்டுக்கும் ஒருமுறை வரச் சொன்னார். அங்கே வெயில் இருக்குமா என்று ஆர்னே கேட்டார். அமெரிக்கா பிச்சை வாங்கும் என்றார் அக்கா. அதை எப்படி நோர்வேஜிய மொழியில் சொல்வதென்று தெரியாமல், 'நிறைய' என்று சொல்லி முடித்தேன்.

குசினியில் பிளாஸ்க்கைக் கழுவும்போது மனம் கேட்காமல் ஆர்னேயிடம் உண்மையைச் சொன்னேன், எல்லாரும் வேறு ரோட்டை நினைத்து வந்தவர்கள் என்று. அது தனக்குத் தெரியும் என்றார், முதல் படத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

"ரயில் மாறி ஏறினவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார்கள். இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன். இவர்கள் இறங்கவில்லையே" என்றார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

கதை இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை டொரொன்டோவிலிருந்து ஒரு போன். ஓஸ்லோத் தமிழர்கள் அமெரிக்காவில் ஓர் ஊர் வாங்குகிறார்களாம், உண்மையா? புதன்கிழமை லண்டனிலிருந்து... கோயிலுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு காணி பார்த்து வைக்க வேண்டுமாம். வியாழக்கிழமை ராசன் அண்ணையே எடுத்தார். பெட்ரோல் ஷெட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் உள்ள நிலம் யாருடையது என்று இப்போதே பேசி முடிக்க வேண்டுமாம், பிறகு பிரச்சினை வரக் கூடாதாம்.

ஊருக்கு இன்னும் ஒரு ஆள் போய்ச் சேரவில்லை... வேலிச் சண்டை தொடங்கிவிட்டது!