திருத்தாமல் இருக்க முடியாத மனிதர்

எல்லையில் சண்டை மூண்ட அந்த மே மாதத்தில் எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்தாலே எனக்குப் போலீஸ் ஞாபகம்தான் வரும். பால்காரர், கூரியர்காரர், மேல்வீட்டு அம்மா, யாராக இருந்தாலும் முதலில் ஜன்னல் திரையை விலக்கி, காக்கி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். எங்கள் வீட்டில் யாரும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு விமானம் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்காகவா ஒருத்தி இப்படி நடுங்குவாள் என்று நினைப்பீர்கள். என் இடத்தில் இருந்திருந்தால் நீங்களும் நடுங்கியிருப்பீர்கள்.

நாங்கள் இருப்பது சேலையூரில். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சுற்றுச்சுவர் நடந்துபோகிற தூரம். மற்றவர்கள் வீடு பார்க்கப் போனால் நல்ல தண்ணீர் வருமா, மழைக்குத் தெரு தாங்குமா என்று விசாரிப்பார்கள். இவர் நேரே மொட்டை மாடிக்குப் போனார், கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார், கீழே வந்து, "இதையே முடிச்சிடலாம்மா" என்றார். அதற்கு முன்னால் முடிச்சூரில் இருந்தோம். பெருவெள்ளத்தில் கீழ்வீடுகள் முழுகி, தெருவே மொட்டை மாடிகளில் உட்கார்ந்திருந்தபோது ஹெலிகாப்டர் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டது. எல்லோரும் பொட்டலத்துக்குப் பாய்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அது எந்த ரகம், பழைய ரகத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பசி வயிற்றோடு அன்றைக்கு நான் திட்டிய திட்டு அவருக்கு இன்னும் மறந்திருக்காது.

அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆபீஸில் அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, அத்தனை சாது. விமானம் என்று ஆரம்பித்தால் மட்டும் வாய் மூடாது. பம்மலில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர், இதே பைத்தியம் பிடித்தவர்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தார். அதில் இவருக்கு ஏக மரியாதை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நாங்கள் வீடு திரும்பியதும் அந்த டாக்டரும் இன்னும் சிலரும் எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். எல்லோருக்கும் டீ போடுகிற புண்ணியம் எனக்கு.

அவர்கள் பேசுவதெல்லாம் பழங்கதை. அறுபத்தைந்து யுத்தத்தில் 'நேட்' என்ற ஒற்றை இன்ஜின் வைத்த சின்னஞ்சிறு சண்டை விமானம் தன்னைவிடப் பெரியவற்றை எப்படித் துரத்தியது; நம் நாட்டிலேயே வடிவமைத்த 'மாருத்'துக்கு ஒரு நல்ல இன்ஜின் கிடைத்திருந்தால் கதையே எப்படி மாறியிருக்கும். மிக் இருபத்தொன்றை டி.வி.யில் பறக்கும் சவப்பெட்டி என்று சொல்லிவிட்டால் டாக்டருக்கு முகம் சிவந்துவிடும். "இத்தனை வருஷம் நம்மள காவல் காத்துச்சுக்கா. ரிட்டயர் ஆகப்போற நேரத்துல இப்படியா அசிங்கப்படுத்தறது?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். நான் பிளேன் ஓட்டினேனா என்ன? "தப்புதான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வியாதி உண்டு. யாராவது ஒரு விமானத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் இவர்களால் பொறுக்க முடியாது. சாப்பாடு இறங்காது. எங்கள் போதகர் ஒரு தடவை பிரசங்கத்தில் சண்டை விமானத்தைக் குண்டுவீச்சு விமானம் என்று சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்து எல்லோரும் அவரிடம் கைகொடுத்து ஆசீர்வாதம் வாங்குகிற வரிசையில், இவர் அவர் கையைப் பிடித்தபடியே அதைத் திருத்தினார். பின்னால் நின்ற எனக்கு மானம் போனது.

குழுவில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். யாருடைய நண்பர் என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை என்று சொன்னாராம். அவருக்கு விமானத்தின்மேல் ஆசை அதிகம், விஷயம்தான் கம்மி. 'கான்பெரா' படத்தைப் போட்டு 'ஹண்டர்' என்று எழுதுவார். ஒன்றுக்கு இரண்டு இன்ஜின், மற்றதற்கு ஒன்று, எனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் உடனே பாய்ந்து பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவார். "சார், நீங்க ஒரு நடமாடும் லைப்ரரி" என்று பதில் வரும். அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு சண்டை வந்தது. டி.வி.க்காரர்கள் ஏதோ கணினி விளையாட்டிலிருந்து எடுத்த காட்சியைப் போட்டு, இதுதான் வான்சண்டை என்று அலறினார்கள். எங்கள் வீட்டில் இவர் டி.வி.யைப் பார்த்து அதற்குமேல் அலறினார். குழுவிலும் ஒரே கூச்சல். தாம்பரத்து வானத்திலும் வழக்கமான பயிற்சிச் சத்தம் மாறி, கனமான உறுமல்கள் கேட்க ஆரம்பித்தன. இவர் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுவார். பாத்ரூமுக்குள் இருந்துகூடச் சொல்வார்.

ஒரு சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். இவர் ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறை டி.வி.யில், வடக்கே எங்கேயோ ஓர் ஆள் விமானத் தளத்தைப் பற்றிய தகவல்களை முகம் தெரியாத யாருக்கோ அனுப்பியதற்காகக் கைதானார் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன்.

"தாம்பரத்துல ரெண்டு பழைய ஹெலிகாப்டர் தவிர ஒண்ணுமே இல்லையாம் சார்." என்று எழுதியிருந்தது. எழுதியவர் அந்தக் கோயம்புத்தூர்க்காரர். குழுவில் எழுதவில்லை, இவருக்குத் தனியாக எழுதியிருந்தார்.

"யாரு சொன்னா?" என்று இவர் தட்டியிருந்தார். மேலே தட்ட விரல் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. ஃபோனைப் பிடுங்கி மேலே தள்ளிப் பார்த்தேன். ஆரம்பத்தில் கேட்டதெல்லாம் அருங்காட்சியக விமானங்கள். பிறகு ரிட்டயர் ஆகிற விமானங்கள். பிறகு இப்போது பறப்பவை. போன வாரத்திலிருந்து எங்கள் வீட்டு மாடிக்குமேல் போவது. ஒவ்வொன்றிலும் அந்த ஆள் தப்பாகத்தான் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றையும் என் வீட்டுக்காரர் திருத்தியிருந்தார். எது வந்தது, எந்தப் பக்கம் இறங்கியது, எல்லாம். ஒரு இடத்தில்கூட அந்த ஆள் கேள்வியாகக் கேட்கவில்லை.

அந்த வித்தை எனக்குத் தெரியும். நான் வகுப்பில் செய்வதுதான் அது. பிள்ளைகளைக் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். அதனால் போர்டில் வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாகப் போடுவேன். வாயே திறக்காத பிள்ளைகூட எழுந்து நின்று, "மிஸ், தப்பு மிஸ்" என்று கத்தி, சரியான விடையையும் சொல்லிவிடும்.

"என்னங்க, யாருங்க இவன்?"

"ஏம்மா, நம்ம குரூப்தான். ஆர்வமா கேக்கறான்."

"இவன் எங்கங்க கேக்கறான்? தப்புத் தப்பா சொல்றான், நீங்க ஒப்பிக்கிறீங்க. முகம் பாத்திருக்கீங்களா? குரல் கேட்டிருக்கீங்களா?"

டி.வி.யில் கைதான ஆளின் முகத்தில் துண்டைப் போட்டு இழுத்துப்போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவரும் அதைப் பார்த்தார். "ஏசப்பா" என்று எனக்கு வாயில் வந்தது. அவர் அரசாங்க ஊழியர். ஒரு நாள் உள்ளே வைத்தாலும் வேலை போகும், பென்ஷன் போகும். அதெல்லாம் போனால் போகட்டும். அந்தத் துண்டுக்குள் இவர் முகம் இருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சந்தேகம்தானேம்மா, ஒருவேளை நிஜமாவே ஆர்வமுள்ளவனா இருந்தா?" என்றார் மெதுவாக.

"பாத்துடலாம். எந்தப் பைத்தியத்தாலயும் தாங்க முடியாத ஒரு தப்பைச் சொல்லுங்க. நான் எழுதறேன்."

யோசித்தார். "நேட்டுக்கு ரெண்டு இன்ஜின்னு எழுது" என்றார். நான் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் குழுவில் யாரிடம் இப்படிச் சொன்னாலும் என்ன ஆகும் என்று கேட்டேன். "டாக்டரா இருந்தா பேஷண்டை வாயைத் திறந்தபடி விட்டுட்டு ஃபோன் பண்ணுவார்" என்றார்.

பதில் உடனே வந்தது. "அப்படியா சார், நன்றி. இப்ப அங்க வந்து நிக்கறதுக்கு எத்தனை இன்ஜின்? ரெண்டுதானே?"

இவர் அதைப் படித்துவிட்டு பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொண்டுபோன டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. யாரும் எடுக்கவில்லை.

டாக்டருக்கு ஃபோன் போட்டோம். "அண்ணா, எல்லாத்தையும் அழிச்சிடுங்க. ஃபோனையே உடைச்சிடுங்க. குரூப்பை நான் இப்பவே கலைச்சிடறேன்" என்றார்.

"அழிக்கக் கூடாது டாக்டர். அழிச்சா நம்மதான் திருடங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தைரியமும் இல்லை அது, பயம் முற்றிப்போனால் வருகிற ஒரு வேகம்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் ஏறி இடத்தைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா சார், காலீலயே டேசனா? இன்னா பேஜாரு?" என்றார். இவர் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். தலைக்குமேல் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. வழக்கமாக ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டுகிற மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "ஏரோப்ளேன் பாக்கறதெல்லாம் ஒரு ஹாபியா சார்?" என்று சிரித்தார். ஃபோனை வாங்கிப் படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுபோனது. யாருக்கோ பேச எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து பைபிள் சங்கீதம் ஒன்றை மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தேன். பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை.

திரும்பி வந்தவர் இவரிடம், "நீங்களா வந்தீங்க, அது உங்களுக்கு நல்லது சார். ஆனா நீங்க எழுதினது எழுதினதுதான்" என்றார். என்னிடம், "மேடம், ஃபோன் எங்ககிட்டயே இருக்கட்டும். சார் ஊரை விட்டு எங்கயும் போக வேணாம். கூப்பிட்டா வரணும்" என்றார். அவ்வளவுதான். எப்போது கூப்பிடுவார்கள், எதற்குக் கூப்பிடுவார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் நான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். சண்டை நின்றுவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். தெருவில் பட்டாசுகூட வெடித்தார்கள். எனக்கு ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. டாக்டர் எங்கள் எண்ணையே அழித்துவிட்டார் என்று நினைக்கிறேன். இவர் ஆபீஸ் போனார், வந்தார், தட்டில் போட்டதைத் தின்றார். வானத்தில் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். பாவமாக இருந்தது. ஆனாலும், போகட்டும், இந்தப் பைத்தியம் இதோடு விட்டதே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஸ்கூல் திறக்கப்போகும் சமயம். சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது என் ஃபோனில் செய்தி வந்தது. தெரியாத எண்.

"வணக்கம் அக்கா. சாரை கொஞ்ச நாளா காணோமே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சாருக்கு ஒரு படம் அனுப்பியிருக்கேன், காட்டுங்க."

கீழே ஒரு விமானத்தின் படம், அதன் கீழே அந்த விமானத்தின் பெயர் என்று ஏதோ ஒன்று.

கத்தி கையிலிருந்து விழுந்தது. அந்தக் குழுவில் நான் இல்லை. என் எண்ணை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இவருக்கு மனைவி இருக்கிறாள், இதுதான் அவள் எண் என்று எங்கிருந்தோ ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. வீடு தெரியுமா? நான் எந்தப் பஸ்ஸில் ஸ்கூல் போகிறேன் என்று தெரியுமா? எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. "என்னங்க" என்று கூப்பிட்டேன், குரல் எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

வந்தார். ஃபோனை வாங்கிப் படித்தார். "உன் நம்பர் எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

"இன்ஸ்பெக்டருக்குச் சொல்லணும்ங்க. இப்பவே" என்றேன்.

"ஆமா, ஆமா" என்றார். ஆனால் ஃபோனைத் தரவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வால் பக்கம் நகர்த்திப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவருடைய கட்டைவிரல் கீழே இறங்கி எழுத்துகளின் மேல் போய் நின்றது.

நான் ஓவென்று கத்தி, இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. பயத்தில் உதடு காய்ந்துபோய் வெள்ளையாக இருந்தது.

"தப்பா போட்டிருக்கான்மா" என்றார்.